பார்த்த கதையை மறுபடி பதியாத பெட்டி



இந்த மாதம் பேச எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். இதில் அரசர்களும் இல்லை, போர்களும் இல்லை. வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குக் கீழே இருந்த பதிவுப் பெட்டியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் ஒரேயொரு கேள்விதான். ஏற்கெனவே பதிந்து வைத்த நிகழ்ச்சி மீண்டும் ஒளிபரப்பாகும்போது, 'இது என்னிடம் இருக்கிறது, வேண்டாம்' என்று அந்தப் பெட்டிக்கு எப்படித் தெரிய வந்தது?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது 2011ஆம் ஆண்டில். அப்போது சிட்னியில் எங்களோடு மாமியும் இருந்தார். ஆங்கிலத் துப்பறியும் தொடர் ஒன்றில் அவருக்குப் பெரிய விருப்பம். பேசுவது பாதிதான் விளங்கும், ஆனால் கொலை செய்தது யார் என்பதை எங்களுக்கு முன்னர் அவர்தான் சொல்வார். அந்தத் தொடரின் பெயரை எந்த அலைவரிசையில் கண்டாலும் பதியும்படி பெட்டிக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு ஞாயிறு பின்னேரம் மாமி கூப்பிட்டார்.

"தம்பி, ஒருக்கா இஞ்சை வாரும். இந்தப் பெட்டிக்கு மறதி வந்திட்டுது போல. ஒரே கொலையை மூண்டு தரம் பிடிச்சு வைச்சிருக்கு."

போய்ப் பார்த்தேன். பதினொரு பதிவுகள் இருந்தன. அவற்றில் கதை நான்குதான். ஒன்று இரவு எட்டரைக்கு வந்தது, அதே கதை நள்ளிரவுக்குப் பின் வந்தது, பிறகு புதிதாகத் தொடங்கிய இரண்டாவது அலைவரிசையில் மத்தியானம் வந்தது. எல்லாரும் சிரித்தோம். பட்டியலின் அடிக்குப் போனபோதுதான் என் சிரிப்பு நின்றது. அங்கே இருக்க வேண்டிய ஒன்று இல்லை. குடியேறிய முதியவர்களைப் பற்றிய அரைமணி நேர நிகழ்ச்சி அது. மாமியின் தமையனார் அதில் நான்கு நிமிடம் பேசியிருந்தார். அந்தப் பதிவைச் செய்து ஏழு மாதத்தில் அவர் காலமாகிவிட்டார். வன்தட்டில் இடம் போதாதபோது ஆகப் பழையதை அழித்து இடம் செய்யும்படி பெட்டியை ஒழுங்குசெய்தது நான்தான். 'வைத்திரு' என்ற பொத்தானை அந்த ஒரு பதிவுக்கு அழுத்தாமல் விட்டதும் நான்தான். மூன்று தரம் பிடித்த கொலைக்கு இடம் விட அந்த மனிதரின் குரல் போய்விட்டது.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. "சரி, போகட்டும்" என்றார். அதன் பிறகு அந்தத் தொடரையும் அவர் பார்க்கவில்லை. பெட்டி ஏன் அப்படி நடந்துகொண்டது என்று அன்றிரவு தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் அறிந்ததைத்தான் உங்களோடு பகிர்கிறேன்.

முதலில், மறுஒளிபரப்பு என்ற ஒன்று எப்படி வந்தது? தொலைக்காட்சியின் ஆரம்ப நாட்களில் பெரும்பாலான நாடகங்கள் நேரடியாகவே போயின. நடித்து முடிந்தால் முடிந்ததுதான். அமெரிக்காவில் 1951இல் 'ஐ லவ் லூசி' என்ற நகைச்சுவைத் தொடரை லூசில் போலும் அவரது கணவர் டெசி ஆர்னாசும் சினிமாப் படச்சுருளில் எடுத்தார்கள். சுருள் கையில் இருந்ததால் திரும்பவும் காட்ட முடிந்தது. லூசில் பிள்ளைப்பேற்றுக்காக ஓய்வில் இருந்தபோது பழைய அத்தியாயங்களைத் திரும்பப் போட்டார்கள், மக்கள் பார்த்தார்கள். பழைய கதைக்கும் விலை உண்டு என்பது தொழிலுக்குத் தெரிந்தது அப்போதுதான்.

பிரித்தானியாவில் நடந்தது நேர்மாறு. அங்கே நடிகர் சங்கத்தின் உடன்படிக்கைகளால் மறுஒளிபரப்புக்குக் கட்டுப்பாடு இருந்தது. திரும்பக் காட்ட முடியாத நாடாவை ஏன் வைத்திருக்க வேண்டும் என்று பிபிசி 1960களிலும் 1970களிலும் ஏராளமான நாடாக்களை அழித்தது. 'டொக்ரர் ஹூ' தொடரில் மட்டும் தொண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்களின் படம் இன்றும் இல்லை. ஆனால் அவற்றின் ஒலி முழுவதும் இருக்கிறது. சிறுவர்களும் இளைஞர்களும் தங்கள் வீட்டு ஒலிப்பதிவுக் கருவியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துப் பிடித்து வைத்ததால் தப்பியது அது. எங்கள் வீட்டில் நடந்ததை நினைக்கும்போது இந்தச் செய்தி எனக்கு வேறுவிதமாகப் பட்டது.

இனி பதிவுப் பெட்டிக்கு வருவோம். சோனியின் பீற்றாமக்ஸ் 1975இல் வந்தது. அதன் முதல் நாடாவில் ஒரு மணி நேரம்தான் பதியலாம், ஒரு முழுப் படம் அடங்காது. அடுத்த ஆண்டே யப்பானில் ஜே.வி.சி. நிறுவனம் இரண்டு மணி நேர வி.எச்.எஸ். நாடாவோடு வந்து, சில ஆண்டுகளில் சந்தையைப் பிடித்துக்கொண்டது. இதைத்தான் யாழ்ப்பாணத்தில் நாங்கள் 'டெக்' என்றோம். வாடகைக்கு டெக் எடுத்து, மின்சாரம் இல்லாத ஊரில் ஜெனரேற்றர் வைத்து, விடிய விடிய மூன்று படம் பார்த்த தலைமுறை இந்த வானொலியைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது பார்ப்பதற்கான டெக். வெளிநாட்டுக்கு வந்த பிறகுதான் நம்மில் பலர் அதைப் பதிவதற்குப் பயன்படுத்தினோம்.

அந்த டெக்குக்கு நிகழ்ச்சி என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு மணிக்கூடும் ஓர் அலைவரிசை எண்ணும்தான். செவ்வாய் எட்டு மணிக்குத் தொடங்கு, ஒன்பதுக்கு நிறுத்து. அந்த ஒரு மணி நேரத்தில் புதுக்கதை வந்தாலும் பழங்கதை வந்தாலும், கதையே வராமல் கிரிக்கெட் நீண்டாலும் அது பதியும். பல வீடுகளில் மணிக்கூட்டையே யாரும் சரிசெய்யாமல் விட்டு 12:00 என்று கண்சிமிட்டிக்கொண்டிருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அப்படியானால் ஒரே நிகழ்ச்சியை இரண்டு தரம் பதியாமல் எப்படிப் பார்த்துக்கொண்டோம்? மனிதர்தான் அந்த வேலையைச் செய்தார். கசெற்றின் முதுகில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டி, பேனையால் பெயர் எழுதுவோம். எழுதாத கசெற் யாருடையது என்பதில் வீட்டில் சண்டை வரும். இன்னொரு காவலும் இருந்தது. கசெற்றின் விளிம்பில் ஒரு சிறு பிளாஸ்ரிக் தகடு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. கலியாண வீட்டுக் கசெற், பிள்ளையின் அரங்கேற்றக் கசெற் எல்லாவற்றிலும் அதை முதல் வேலையாக உடைத்துவிடுவோம். பிறகு மனம் மாறினால் அந்த ஓட்டையை ஒட்டுநாடாவால் மூடினால் போதும், திரும்பப் பதியலாம். நான் அழுத்த மறந்த 'வைத்திரு' பொத்தான் இந்தத் தகட்டின் பேரப்பிள்ளைதான். தகட்டைக் கையால் உடைக்கும்போது ஒரு சத்தம் கேட்கும், உடைத்தது நினைவில் நிற்கும்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல். வீட்டில் பதிவது சரியா என்ற வழக்கு அமெரிக்காவில் உச்சநீதிமன்றம் வரை போய், 1984 தை மாதத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனியின் பக்கம் தீர்ந்தது. பிறகு பார்ப்பதற்காகப் பதிவது நியாயமான பயன்பாடு என்றார்கள். அவுஸ்திரேலியாவில் அப்படி ஒரு விதி 2006இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும் வரை இருக்கவில்லை. அதாவது எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே டெக்கில் பதிந்த நாங்கள் எல்லாரும் சட்டப் புத்தகத்தின்படி குற்றவாளிகள். யாரும் கதவைத் தட்டவில்லை என்பது வேறு விடயம்.

மணிக்கூட்டைச் சரிசெய்யத் தெரியாதவர்களுக்காக 1990இல் ஒரு புதுமை வந்தது. ஹென்றி யுவென், டானியல் குவோ என்ற இருவரின் ஜெம்ஸ்ரார் நிறுவனம் கொண்டுவந்தது. பத்திரிகையின் தொலைக்காட்சிப் பக்கத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பக்கத்தில் ஓர் இலக்கம் அச்சாகும். ஒன்று முதல் எட்டு இலக்கம் வரை நீளம் இருக்கும். அதை ரிமோட்டில் அழுத்தினால் போதும். அமெரிக்காவில் இதற்கு வி.சி.ஆர். பிளஸ் என்று பெயர், லண்டன்காரர்களுக்கு வீடியோ பிளஸ், இங்கே ஜி-கோட். அந்த இலக்கத்தை நிகழ்ச்சியின் பெயரென்றே நான் பல காலம் நினைத்திருந்தேன். அது பிழை. நாள், நேரம், நீளம், அலைவரிசை ஆகிய நான்கையும் ஒரு கணிதச் சூத்திரத்தால் சுருக்கியதுதான் அந்த இலக்கம். எந்தக் கதை என்பது அதற்குள் இல்லவே இல்லை. அதே கதை அடுத்த வாரம் வந்தால் வேறு இலக்கம் வரும்.

இதற்கு முன்பே ஜேர்மனியில் இன்னொரு வழி தொடங்கியிருந்தது. ஒளிபரப்பாளரே படத்தோடு சேர்த்து ஓர் இரகசியக் குறிப்பை அனுப்புவது. வி.பி.எஸ். என்ற அந்த முறை 1985இல் வந்தது. 'இப்போது ஓடுவது எட்டேகாலுக்கென்று முதலில் அறிவிக்கப்பட்ட நிகழ்ச்சி' என்று கண்ணுக்குத் தெரியாத ஒரு வரியில் குறிப்பு வரும். உதைபந்தாட்டம் நீண்டு நிகழ்ச்சி ஒன்பது மணிக்குத் தள்ளிப்போனாலும் பெட்டி காத்திருந்து பதியும். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்தது. முதல் தடவையாக நேரத்திலிருந்து நிகழ்ச்சி கொஞ்சம் பிரிந்து நிற்கிறது பாருங்கள். ஆனாலும் அதன் பெயர் அறிவிக்கப்பட்ட நேரம்தான். மறுஒளிபரப்புக்கு வேறு நேரம், ஆகவே வேறு பெயர்.

ஆக 1990களின் முடிவு வரை எந்தப் பெட்டிக்கும் 'இதை ஏற்கெனவே பதிந்தேன்' என்று சொல்ல வழி இருக்கவில்லை. நாடாவுக்கு அது பெரிய குறையாகவும் இல்லை. நாடா இரண்டு மூன்று மணியில் முடிந்துவிடும், ஆளே வந்து மாற்ற வேண்டும். வன்தட்டு வந்த பிறகுதான் பெட்டி ஆளில்லாமல் வாரக்கணக்கில் பதியத் தொடங்கியது. தொல்லையும் அதோடுதான் வந்தது.

டீவோ என்ற பெட்டி 1999 மார்ச் கடைசியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் ரீப்பிளே டிவியும் வந்தது. டீவோவின் ஆரம்பப் பெட்டியில் பதினான்கு மணி நேரம் அடங்கும். அதன் புகழ் பெற்ற வசதிக்குப் பெயர் 'சீசன் பாஸ்'. தொடரின் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும், நாளும் நேரமும் மாறினாலும் அது தேடிப் பதியும். அமெரிக்காவில் ஒரு பிரபலமான தொடர் ஒரே நாளில் பல அலைவரிசைகளில் ஓடும் என்பதால், மறுபதிவைத் தடுக்காவிட்டால் பதினான்கு மணி நேரம் இரண்டு நாளில் நிரம்பிவிடும். எனவே ஒரு விதி வைத்தார்கள். கடந்த 28 நாட்களுக்குள் பதிந்த அத்தியாயத்தைத் திரும்பப் பதியாதே. பார்த்து அழித்திருந்தாலும் 28 நாட்களுக்குப் பதியாது. இருபத்தொன்பதாம் நாள் வந்தால் பதியும். மறதியையே விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள் என்று நான் சிரித்ததுண்டு.

சரி, அதே அத்தியாயம்தான் இது என்று டீவோவுக்கு எப்படித் தெரியும்? அது படத்தைப் பார்ப்பதில்லை. இன்றுவரை எந்த வீட்டுப் பெட்டியும் படத்தைப் பார்த்து முடிவெடுத்ததாக நான் அறியவில்லை. அது வாசிப்பது ஒரு சீட்டை. அந்தச் சீட்டை எழுதியது ரிபியூன் மீடியா சேர்விசஸ் என்ற நிறுவனம். பத்திரிகைகளுக்கு நிகழ்ச்சி நிரல் தொகுத்துக் கொடுப்பது அதன் தொழில். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் அவர்கள் ஓர் அடையாள எண் கொடுத்தார்கள். ஈ.பி. என்ற இரண்டு எழுத்து, பிறகு தொடரின் எண், கடைசி நான்கு இலக்கம் அத்தியாயத்தின் எண். திரைப்படம் என்றால் எம்.வி. என்று தொடங்கும். எந்த அத்தியாயம் என்று தெரியாவிட்டால் எஸ்.எச். என்று தொடங்கி நான்கு சுழியத்தில் முடியும். வரலாற்றில் உண்மையான திருப்பம் என்று நான் கருதுவது இந்த எண்ணைத்தான். எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில் வந்தாலும் கதைக்கு ஒரே எண். இதைச் செய்தது பொறியியலாளர் அல்ல, அலுவலகத்தில் இருந்து நிரல் தட்டச்சு செய்தவர்கள்.

எஸ்.எச். வரும் இடத்தில் பெட்டிக்கு வழியில்லை. எல்லாம் ஒன்றென்று நினைத்து ஒன்றை மட்டும் பதிந்தால் புதிய அத்தியாயங்கள் தவறும். எல்லாம் வேறென்று நினைத்தால் குப்பை சேரும். இரண்டு பிழையில் எந்தப் பிழை பரவாயில்லை? சந்தேகம் வந்தால் பதிந்துவிடு என்ற பக்கமே பெரும்பாலான பெட்டிகள் சாய்ந்தன. தவறவிட்டதைத் திரும்பப் பிடிக்க முடியாது, கூடிப்போனதை அழிக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நியாயமான கணக்குத்தான். ஆனால் கூடிப்போனது தானாகவே வேறொன்றை அழிக்கும் என்பதை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. எங்கள் வீட்டில் நடந்தது அதுதான்.

2002இல் ஐசக் றிச்சர்ட்ஸ் என்ற அமெரிக்க நிரலாளர் லினக்ஸ் கணினிக்கு மித்டிவி என்ற இலவச மென்பொருளை எழுதத் தொடங்கினார். உலகமெங்கும் உள்ள ஆர்வலர்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் பார்த்தவற்றுள் மறுபதிவுப் பிரச்சினையை ஆகக் கவனமாக யோசித்தவர்கள் இவர்கள்தான். ரிபியூன் எண் இருந்தால் அதைப் பார்க்கும். இல்லாத நாடுகளில், அத்தியாயத்தின் தலைப்பை ஒப்பிடுவதா, கதைச் சுருக்கத்தை ஒப்பிடுவதா, இரண்டையுமா, தலைப்பு இல்லாவிட்டால் மட்டும் சுருக்கத்தையா என்று நீங்களே தெரிவுசெய்யலாம். எங்கே தேடுவது என்பதும் உங்கள் விருப்பம். இப்போது தட்டில் உள்ளவற்றில் மட்டுமா, முன்பு பதிந்து அழித்தவற்றிலுமா? அழித்தவற்றின் பெயரைக் காத்து வைக்க அதற்குத் தனியாக ஒரு பேரேடு உண்டு. ஒரு பதிவை அழிக்கும்போது 'இது திரும்ப வந்தால் பதியலாம்' என்று சொல்லி அழிக்கவும் முடியும். பதிவு பழுதாகிப் போனால் அப்படிச் செய்யலாம். 28 நாள் மறதி இதற்கு இல்லை.

இதிலும் ஓட்டை உண்டு. பெட்டிக்கு எழுத்து அப்படியே ஒத்துப்போக வேண்டும். இரவு ஒளிபரப்பின் சுருக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி இருந்து, மறுநாள் மத்தியான ஒளிபரப்பில் அது விடுபட்டால் இரண்டும் வேறு கதை. எங்கள் பெட்டியில் நான் பிறகு பார்த்தபோது, மூன்று தரம் பதிந்த கொலையின் ஒரு சுருக்கத்தின் முடிவில் அடைப்புக்குறிக்குள் மறுஒளிபரப்பு என்பதைக் குறிக்கும் 'ஆர்' எழுத்து இருந்தது. இன்னொன்றில் நடிகரின் பெயர் கூடுதலாக இருந்தது. எங்களுடையது தொடரின் பெயரை மட்டும் பார்க்கும் மலிவுப் பெட்டி, ஆதலால் அதுவும் பொருட்டில்லை. நல்ல பெட்டி என்றாலும் ஏமாந்திருக்கும்.

ஆகவே எல்லாம் சீட்டில்தான் தங்கியிருக்கிறது. அந்தச் சீட்டு யாருடைய சொத்து? அமெரிக்காவில் ஆர்வலர்களுக்கு இலவசமாகக் கிடைத்துக்கொண்டிருந்த ரிபியூன் தரவு 2007 செப்ரெம்பர் முதலாம் திகதியோடு நிறுத்தப்பட்டது. மித்டிவிக்காரர்களும் வேறு சிலரும் சேர்ந்து 'செடியூல்ஸ் டிரெக்ற்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பை உருவாக்கி, சிறு சந்தா வாங்கி அதே தரவைப் பெற்றுக்கொண்டார்கள்.

அவுஸ்திரேலியாவில் அது நீதிமன்றத்துக்குப் போனது. டிஜிற்றல் ஒளிபரப்பு இங்கே 2001இல் தொடங்கினாலும், ஆரம்ப ஆண்டுகளில் பல அலைவரிசைகள் காற்றில் அனுப்பியது 'இப்போது', 'அடுத்து' என்ற இரண்டு வரிகள்தான். அடுத்த வாரம் வருவது தெரியாத பெட்டி எதைத் திட்டமிடும்? ஐஸ்டிவி என்ற சிறிய நிறுவனம் வாராந்த நிரலைத் தயாரித்துச் சந்தாவுக்குக் கொடுத்தது. அவர்களின் ஊழியர் வாரக்கணக்காகத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து எந்த நேரத்தில் எது ஓடுகிறது என்று எழுதி, ஒரு மாதிரி அட்டவணை செய்தார். நிகழ்ச்சிகள் வாரத்துக்கு வாரம் பெரிதாக மாறாதல்லவா? பிறகு வெளியான நிரல்களோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். இது எங்கள் நிரலின் பதிப்புரிமையை மீறுகிறது என்று நைன் நெற்வேர்க் வழக்குப் போட்டது. 2007இல் ஐஸ்டிவி வென்றது, 2008இல் மேல்முறையீட்டில் நைன் வென்றது. 2009 ஏப்ரல் 22ஆம் திகதி அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றத்தின் ஆறு நீதிபதிகளும் ஐஸ்டிவியின் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

தீர்ப்பின் சாரம் எளிது. இன்ன நிகழ்ச்சி இன்ன நேரத்துக்கு என்று சொல்ல அந்தப் பெயரையும் அந்த நேரத்தையும் எழுதுவதைவிட வேறு வழி ஏது? அதில் எழுத்தாளனின் உழைப்பு மிகச் சொற்பம், அதை எடுத்தது ஒரு படைப்பின் கணிசமான பகுதியை எடுத்ததாகாது என்றார்கள். ஆனால் நேரமும் தலைப்பும்தான் வழக்கில் இருந்தன. கதைச் சுருக்கம் வேறு விடயம். அது ஒருவர் எழுதியது. மறுபதிவைத் தடுக்கப் பெட்டிக்கு அதிகம் வேண்டியதும் அந்தச் சுருக்கம்தான் என்பது எனக்குக் கொஞ்சம் வேடிக்கையாகப் பட்டது.

ஐரோப்பாவில் ஒளிபரப்பாளர்களே சீட்டு எழுத இணங்கினார்கள். 1999இல் தொடங்கிய டிவி-எனிரைம் என்ற மன்றம் 'கிரிட்' என்ற அடையாளத்தை வகுத்தது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஒரு கிரிட், தொடர் முழுவதற்கும் இன்னொன்று. பிரித்தானியாவில் 2007 அளவில் ஃபிறீவியூ பெட்டிகளில் இது வந்தது. லண்டனில் உள்ளவர்கள் 'சீரீஸ் லிங்க்' என்று அழுத்தியது இதைத்தான். இரண்டு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் மோதினால், அதே கிரிட்டோடு வேறு நாளில் வருவதைப் பெட்டி தேடிக்கொள்ளும். மறுஒளிபரப்பு தொல்லையாக இல்லாமல் உதவியாக மாறிய இடம் இது. ஆனால் அந்தப் பெயரின் முன்பகுதி ஒளிபரப்பாளரின் இணைய முகவரி. அதே நிகழ்ச்சியை வேறொரு நிறுவனம் வாங்கிப் போட்டால் வேறு பெயரோடு வரக்கூடும், பெட்டி புதிது என்று பதியும்.

டீவோ 2008இல் அவுஸ்திரேலியாவுக்கும் வந்தது. 2017இல் இங்கே அதன் சேவை நின்றது. அமெரிக்காவிலேயே 2025இல் பெட்டி விற்பதை நிறுத்திவிட்டார்கள். 2009இலிருந்து இங்குள்ள ஒவ்வொரு நிறுவனமும் இரண்டாம் மூன்றாம் அலைவரிசைகளைத் தொடங்கி, அவற்றைப் பெரும்பாலும் பழைய நிகழ்ச்சிகளால் நிரப்பியது. எங்கள் பதினொரு பதிவுகளுக்கும் காரணம் அந்த அலைதான்.

தமிழ்த் தொடர்களின் கதை இன்னும் பின்னால் நிற்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்த தமிழ் அலைவரிசைகளின் நிரலில் தொடரின் பெயர் மட்டும் இருக்கும், அதற்குக் கீழே ஆண்டு முழுவதும் மாறாத ஒரே வரி. அத்தியாய எண் இல்லை. இரவு வந்தது மறுநாள் பகலிலும் வரும், இரண்டுக்கும் ஒரே சீட்டு. மித்டிவியின் அத்தனை புத்தியும் அதற்கு முன்னால் பயனில்லை. நான் கடைசியில் எண்பதுகளின் டெக்குக்குச் செய்ததையே செய்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை, இரவு இத்தனை மணிக்குத் தொடங்கு, அரை மணியில் நிறுத்து. பிழைக்கவில்லை.

இனி அந்த நான்கு நிமிடத்தின் கதை. 2012 சித்திரையில் மாமியின் பெறாமகள் மெல்பேர்ணிலிருந்து தொலைபேசி எடுத்தார். பேச்சுவாக்கில் நான் பெட்டியின் கதையைச் சொன்னேன். "ஐயோ அத்தான், அது எங்கட பெட்டியிலை கிடக்கெல்லோ" என்றார். அவர் அந்த நிகழ்ச்சியை முதல் நாள் பதிந்து, பார்த்து, அழித்துவிட்டாராம். அதே நிகழ்ச்சி இரண்டு நாள் கழித்து விடியப்புறம் மறுஒளிபரப்பானபோது அவருடைய பெட்டி கேட்காமலேயே திரும்பவும் பதிந்து வைத்திருக்கிறது. இடத்தை அடைக்கிறதே என்று எரிச்சல்பட்டாராம், ஆனால் அழிக்கச் சோம்பலாக இருந்ததாம்.

அடுத்த நீண்ட வார இறுதியில் மாமியைக் காரில் கூட்டிக்கொண்டு மெல்பேர்ண் போனோம். ஒன்பது மணி நேரப் பயணம். அவர்கள் வீட்டுக் கதிரையில் இருந்து மாமி பார்த்தார். முதல் மூன்று நிமிடம் முந்திய நிகழ்ச்சியின் வாலாக இருந்தது. பிறகு தமையனார் வந்தார். பருத்தித்துறையில் கடலுக்குப் பக்கத்தில் இருந்த தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார், கையை ஆட்டி ஆட்டி.

முடிந்ததும் மாமி ரிமோட்டை எடுத்து மருமகளிடம் நீட்டினார். "பிள்ளை, இதிலை அந்த வைச்சிருக்கிற பொத்தான் எது? எனக்கு முன்னாலை அமத்து" என்றார். அவள் அழுத்தினாள். பட்டியலில் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பூட்டின் படம் வந்தது. மாமி கிட்டப் போய்க் கண்ணாடியைத் தூக்கி அதைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி கேட்டார்.